கால்மாட்டுக் கயிறு

டன்லாரிக் கோட்டையின் கொடி அரைக்கம்பத்துக்கு இறங்கிய அன்று காலையில், கிரிசல் மக்காரா தன் வீட்டு முற்றத்தில் போர்வை உலர்த்திக்கொண்டிருந்தாள். ஊரில் சாவு என்றால் காயப்போட்ட துணியை எல்லாம் உள்ளே எடுத்துவிட வேண்டும், ஜன்னல் திரைகளை இழுத்து மூட வேண்டும். கூலிக்காரன் வீட்டுக் கைக்குழந்தை செத்தாலே எங்கள் பள்ளத்தாக்கில் அதைச் செய்வோம். செத்திருப்பதோ டன்லாரிக் பிரபு, பெரிய ஜெனரல். கிரிசல் கொடியை ஒருமுறை பார்த்தாள். கூடையிலிருந்து இன்னொரு ஈரப் போர்வையை எடுத்து உதறி அதையும் மாட்டினாள்.

மலைச்சரிவில் இருக்கிறது அவள் வீடு. கிரெய்கெண்ட் என்று பெயர். ஆறு வளையும் இடத்துக்கு நேர் மேலே இருப்பதால் அங்கே ஒரு கைக்குட்டை ஆடினாலும் கோட்டையிலிருந்து தெரியும். வெள்ளை வெளேரென்று நான்கு போர்வைகள் ஆடினால் தெரியாமலா போகும்? மத்தியானத்துக்குள் ஊர் முழுக்க அதே பேச்சு. துக்கம் கொண்டாட வேண்டியவர்களில் முதல் ஆளே இப்படிச் செய்கிறாளே என்று சிலர் வாயைப் பிளந்தார்கள். அவள் ஏன் முதல் ஆள் என்பதைச் சொல்லிவிடுகிறேன். சொல்லும்போதே எனக்கு வயிறு எரியும், பொறுத்துக்கொள்ளுங்கள்.

எங்கள் பக்கத்தில் சவப்பெட்டியை எட்டுக் கயிறு பிடித்துக் குழிக்குள் இறக்குவோம். எந்தக் கயிறு யாருக்கு என்பதில்தான் மரியாதையே இருக்கிறது. எனக்கு நான்காவதா கொடுத்தாய் என்று கேட்டு, சாகும்வரை பேசாமல் போன அண்ணன் தம்பிகள் உண்டு. முதல் கயிறு தலைமாடு, மூத்த மகனுக்கு. இரண்டாவது கால்மாடு, அடுத்த நெருங்கிய உறவுக்கு. ஆனால் டன்லாரிக் பிரபுக்களின் குடும்பத்தில் மட்டும் கால்மாட்டுக் கயிறு உறவுக்காரனுக்குப் போகாது. அது மக்காரா வீட்டு ஆணுக்கு. இருநூறு வருஷமாக அப்படித்தான்.

ஷெரிஃப்மியூர் சண்டையில் ஆரம்பித்தது இது. அப்போது இரண்டு ராஜாக்கள் சிம்மாசனத்துக்கு அடித்துக்கொண்டார்கள். டன்லாரிக் அண்ணன் ஒரு ராஜா பக்கம் நின்றார், தம்பி மற்ற ராஜா பக்கம் நின்றார். சண்டை போட்டுப் பிரிந்தார்கள் என்று நினைக்க வேண்டாம். முந்தின நாள் ஒரே மேஜையில் உட்கார்ந்து சாப்பிட்டு, பேசிவைத்துக்கொண்டுதான் பிரிந்தார்கள். எவன் ஜெயித்தாலும் கோட்டை குடும்பத்தைவிட்டுப் போகக் கூடாது, அவ்வளவுதான். குடியானவர்களையும் ஆளுக்குப் பாதியாகப் பங்கு போட்டுக்கொண்டார்கள். கருப்பு ராப் மக்காரா அண்ணன் பங்கில் விழுந்தான். அவனுடைய சொந்தத் தம்பி மற்ற பங்கில் விழுந்தான். பிரபுவின் தொடையில் குண்டு பாய்ந்தபோது ராப் அவரை முதுகில் தூக்கிக்கொண்டு வந்தான். அவன் தம்பி அந்த மேட்டிலேயே கிடந்தான். அவனைத் தூக்க முதுகில் இடமில்லை.

பிழைத்துக்கொண்ட பிரபு நெகிழ்ந்துபோய் ஒரு வாக்குக் கொடுத்தார். உயிரோடு என்னைச் சுமந்தவன் வீட்டு ஆள்தான் செத்த பிறகும் எங்கள் கால்மாட்டில் நிற்க வேண்டும்; மக்காரா ரத்தம் அந்தக் கயிற்றைப் பிடிக்கும் வரை கிரெய்கெண்ட் வீடும் அதைச் சுற்றியுள்ள நிலமும் அவர்களுக்குத்தான். எழுத்தில் ஒன்றும் கிடையாது. ஆனால் பள்ளத்தாக்கில் எல்லோருக்கும் தெரியும். வாக்கைக் கேட்டுவிட்டு ராப் தன் தம்பியைத் தேடிப் போனானாம். கிடைக்கவில்லை.

அதற்குப் பிறகு வந்த பிரபுக்களில் பாதிப் பேர் சிப்பாய்கள், பாதிப் பேர் அரசியல்வாதிகள். முதல் வகை ஆளைக் கூட்டிக்கொண்டு போகும். இரண்டாம் வகை அதற்குச் சட்டம் போடும். ஒருவர் அமெரிக்கச் சண்டைக்குத் தன் சொந்தப் பட்டாளம் திரட்டினார். ஆள் சேர்ந்தால்தான் அவருக்குக் கர்னல் பதவி. ஒரு மகனைக் கொடு, நிலத்தை வைத்துக்கொள் என்றார். கொடுத்தார்கள். அவர் கர்னல் ஆனார். மகன்கள் திரும்பவில்லை. கொஞ்ச வருஷத்தில் மேல் பள்ளத்தாக்கில் இருந்த வீடுகளின் கூரையைப் பிரித்துப் போட்டுவிட்டு ஆடு விட்டார்கள், ஆட்டுக்கு வாடகை அதிகம் வருமாம். அடுத்தவர் வாட்டர்லூவில் ஒரு கையை இழந்தார். அவருக்கு ஆள் உயரத்துக்கு ஒரு ஓவியம் வரைந்தார்கள். அதே சண்டையில் அவர் பின்னால் நின்ற மக்காரா ஒரு காலை இழந்தான். அவனுக்கு ஊர்த் தச்சன் ஒரு கட்டையைச் சீவிக் கொடுத்தான்.

அதற்கடுத்தவர் லண்டனில் மந்திரி. அப்போது ஓட்டை எல்லோர் முன்னாலும் வாயால் சொல்லிப் போட வேண்டும். பிரபுவின் காரியஸ்தர் ஓட்டுச்சாவடி வாசலில் நாற்காலி போட்டு உட்கார்ந்து, புகைபிடித்துக்கொண்டே ஒவ்வொருவர் வாயையும் பார்ப்பாராம். வேறு பேரைச் சொன்னவன் அடுத்த குத்தகைத் தவணைக்குள் கட்டில் சட்டியோடு தெருவில் நிற்பான். கிரிசலின் பாட்டனார் சரியான பேரைத்தான் சொன்னார். வீட்டுக்கு வந்து நாள் முழுவதும் யாரோடும் பேசவில்லை என்று சொல்வார்கள்.

இத்தனை பேருக்கும் மக்காராக்கள் கயிறு பிடித்தார்கள். கோயில் சுவரில் அந்தக் குடும்பத்துக்குப் பளிங்குப் பலகை இடம் போதாமல் மேலேறிக்கொண்டே போகிறது. மக்காராக்களுக்கு ஒரு கூழாங்கல்லும் கிடையாது.

இப்போது செத்த ஜெனரலுக்கு வருவோம். கிரிசலுக்கு இரண்டு தம்பிகள். பெரியவன் டன்கன் ஜெனரலின் பட்டாளத்தில் தென்னாப்பிரிக்காவுக்குப் போனான். ஒரு மலையடிவாரத்தில் மழையில், விடிவதற்கு முன், எதிரி எங்கே இருக்கிறான் என்றே பார்க்காமல் ஜெனரல் அவர்களை நெருக்கமாக வரிசை கட்டி நடத்திக்கொண்டு போனார். விடிந்தபோது எதிரி கண்ணெதிரே இருந்தான். டன்கனுக்கு இருபத்திரண்டு வயசு. பார்லிமெண்ட் ஜெனரலுக்கு நன்றி சொல்லித் தீர்மானம் போட்டது. அப்பா அதன் பிறகு சில வருஷம் இருந்தார், அவ்வளவுதான்.

சின்னவன் ஜேமி. அவன்தான் கிரிசலின் உயிர். அம்மா இல்லாத வீட்டில் அவள் வளர்த்த பிள்ளை. பெரிய போர் வந்தபோது அவனுக்கு முப்பது வயசு, போக வேண்டிய கட்டாயமில்லை. மாட்டுச்சந்தையில் ஜெனரல் வண்டி மேல் ஏறி நின்று, நீங்கள் நாட்டைப் பாருங்கள், உங்கள் வீட்டை நான் பார்த்துக்கொள்கிறேன் என்று பேசினார். அதிலும் ஜேமி மசியவில்லை. அடுத்த வாரம் காரியஸ்தர் பிரிங்கிள் கிரெய்கெண்டுக்கு வந்து, வீட்டைச் சுற்றிப் பார்த்து, கூரை நன்றாக இருக்கிறதே என்றார். கால்மாட்டுக் கயிறு பிடிக்கிற குடும்பம் ஜெனரல் கூப்பிட்டும் வரவில்லை என்றால் துரைக்கு மனசு நோகுமே என்றார். வேறொன்றும் சொல்லவில்லை. ஜேமி வீட்டுக்காகத்தான் போனான். போகும்போது அக்காவிடம் அதைச் சொல்லிவிட்டே போனான். பிரான்ஸில் சேறு அவனை விழுங்கியது. காணவில்லை என்று முதலில் தந்தி வந்தது. பிறகு இறந்ததாகக் கருதலாம் என்று வந்தது. கருதிக்கொள்ளும் வேலையை அக்காவிடம் விட்டுவிட்டார்கள்.

ஜெனரலின் மகன் ஹியூவும் அந்தப் போரில் இருந்தார். லண்டன் அலுவலகம் ஒன்றில், காலரில் மேலதிகாரிகளுக்கான சிவப்புப் பட்டையோடு, மேஜைக்குப் பின்னால். போர் முடிந்ததும் தேர்தலில் நின்றார். பெண்களுக்கு ஓட்டு வந்த முதல் தேர்தல். கிரெய்கெண்டுக்கு நடந்தே வந்தார், அடுப்படியில் உட்கார்ந்தார், ஓட்ஸ் ரொட்டியும் பாலாடைக்கட்டியும் கேட்டு வாங்கிச் சாப்பிட்டார். இது ஜேமியின் வீடு, நான் இருக்கும் வரை இதில் யாரும் கை வைக்க மாட்டார்கள் என்றார். கிரிசல் தன் வாழ்க்கையின் முதல் ஓட்டை அவருக்குப் போட்டாள். அதை நினைத்தால் இப்போதும் தன் கையைத் தானே கடித்துக்கொள்ளலாம் போலிருக்கும் என்பாள்.

ஜெனரல் செத்த மறுநாள் பிரிங்கிள் மறுபடி வந்தார். காயும் போர்வைகளைக் குனிந்து தாண்டிக்கொண்டுதான் வாசலுக்கு வர முடிந்தது. தொப்பியைக் கையில் எடுத்துக்கொண்டார். நல்ல சேதி கொண்டுவருகிறவர்கள் எங்கள் ஊரில் தொப்பியை எடுப்பதில்லை. வளைத்து வளைத்துப் பேசி விஷயத்துக்கு வந்தார். வீட்டில் ஆண் இல்லை. ஆகவே கயிறு பிடிக்க ஆள் இல்லை. ஆகவே பழைய ஏற்பாடு தானாக முடிந்துவிட்டது. கால்மாட்டுக் கயிறு எடின்பரோ வக்கீல் க்ராபிக்குப் போகிறது. அவர் ஹியூவின் கட்சிக்கு எடின்பரோவில் தலைவர், புதுப் பிரபுவாகிவிட்ட ஹியூவுக்கு நண்பர். மே மாதத் தவணைக்குள் அவள் வீட்டைக் காலி செய்துவிட வேண்டும்.

"குதிரை லாயத்துக்குப் பக்கத்துல ஒரு ரூம் இருக்கு கிரிசல். துரைக்கு உன் மேல இரக்கம் இருக்கு. நீ தனியா இவ்ளோ பெரிய வீட்டுல இருந்து என்ன பண்ணப்போற?"

"இந்த வீட்டுல அவங்க என்ன பண்ணப்போறாங்க?"

பிரிங்கிள் ஆற்றைப் பார்த்தார். மீன் பிடிக்க வரும் விருந்தாளிகளுக்கு ஒரு தங்குமிடம் வேண்டும், க்ராபிக்கு இந்த வளைவு மிகவும் பிடித்துவிட்டது என்று சொல்லி முடிப்பதற்குள் அவருக்கே நாக்கு குழறியது. கிரிசல் கத்தவில்லை. கதவைச் சாத்தவும் இல்லை. அவர் கண்ணுக்கு முன்னால் ஒரு போர்வையைத் தொட்டுப் பார்த்து, இன்னும் ஈரமாக இருக்கிறது என்று சொல்லி, உள்ளே போய்விட்டாள். உள்ளே போய் ஜேமியின் நாற்காலியை இரண்டு கையாலும் பிடித்துக்கொண்டு நின்றாள். சாவுக்கு அழுவது வேறு. ஒருவன் எதற்காகச் செத்தானோ அதையே பிடுங்கும்போது வருகிற அழுகை வேறு. அந்த அழுகை அவளுக்குள் சூடான கோபமாக மாறியது. அன்றிலிருந்து அந்தச் சூடு இறங்கவில்லை.

அன்று சாயங்காலம் தச்சர் வில்லி டோவின் பட்டறைக்குப் போனாள். ஊரில் சவப்பெட்டி செய்வதும், குழியருகே நின்று எண் சொல்லிக் கயிறு கொடுப்பதும் அவர்தான். வாட்டர்லூக்காரனுக்குக் கட்டை சீவியவனின் பேரன். கருவாலி மரப் பலகையில் பித்தளைப் பிடி முடுக்கிக்கொண்டிருந்தார். உள்ளே ஈயப்பெட்டி, அதற்கு மேல் கருவாலி. செத்த பிறகும் கனம் குறையக் கூடாது அவர்களுக்கு.

"வில்லி அண்ணே, ரெண்டாம் கயிறு எனக்கு வேணும்."

வில்லி திருப்புளியைக் கீழே வைத்துவிட்டு அவளைப் பார்த்தார். பெண்கள் குழியருகே வருவதில்லை. அவர் பார்த்ததில்லை, அவர் அப்பா பார்த்ததில்லை. ஆண்கள் இடுகாட்டுக்குப் போவார்கள். பெண்கள் வீட்டிலேயே இருந்து பன்றித்தொடை அரிந்து, கேக் வெட்டி, விஸ்கிக் கோப்பைகளைத் துடைத்து வைப்பார்கள்.

"உனக்குப் பைத்தியமா? பொம்பள குழிக்கிட்ட வந்தா போதகர் மயக்கம் போட்டு உள்ள விழுந்துருவாரு. அப்புறம் நான் ரெண்டு பெட்டி செய்யணும்."

"கயிறு மக்காரா ரத்தத்துக்குன்னுதான் சொன்னாங்க. மீதி இருக்கிற ரத்தம் இதுதான்."

"க்ராபின்னு எழுதி அனுப்பிட்டாங்கம்மா. நான் கூப்புட்டா அவன்தான் வருவான்."

"நீங்க நம்பரக் கூப்புடுங்க. பேரக் கூப்புடாதீங்க. அது போதும்."

 வில்லி திருப்புளியை எடுத்து அடுத்த பிடியை முடுக்க ஆரம்பித்தார். அவருக்கும் ஒரு மகன் இருந்தான், ஜேமியோடு ஒரே ரயிலில் போனவன்.

அடக்கத்தன்று கிரிசல் கறுப்புடை உடுத்திக் கோட்டைச் சமையலறைக்குப் போனாள். பள்ளத்தாக்குப் பெண்கள் எல்லோரையும் வேலைக்குக் கூப்பிட்டிருந்தார்கள். சமையற்காரி எஃபி அவள் கையில் கத்தியைக் கொடுத்து முழுப் பன்றித்தொடையைக் காட்டினாள். கிரிசல் அரிந்தாள். பெரிய கூடத்தில் அந்தக் குடும்பத்தின் ஓவியங்கள் வரிசையாகத் தொங்குகின்றன. கவசத்தில் ஒருவர், பொய்முடிச் சுருளோடு ஒருவர், ஒற்றைக் கையோடு ஒருவர், கையில் சட்டச் சுருளோடு ஒருவர். தட்டுகளை எடுத்துக்கொண்டு அவர்களுக்குக் கீழே போய் வரும்போது ஒருவர் முகத்திலும் நன்றி என்ற ஒன்றை அவள் காணவில்லை. எல்லோரும் அவள் தலைக்கு மேல் எங்கேயோ பார்த்துக்கொண்டிருந்தார்கள்.

வெளியே குழல்வாத்தியம் தொடங்கியது. ஆண்கள் பெட்டியைத் தோளுக்கு எடுத்தார்கள். கிரிசல் கையைத் துடைத்து, மேலங்கியை எடுத்து மாட்டினாள்.

"எங்கடி போற? இன்னும் பாதிகூட அரியல," என்றாள் எஃபி.

"கயிறு பிடிக்கப் போறேன் அக்கா."

சமையலறையில் இருந்த அத்தனை பெண்களும் கையை நிறுத்தினார்கள். எஃபி வாசலுக்குக் குறுக்கே நின்றிருந்தாள், பெரிய உடம்புக்காரி. தடுப்பாள் என்றுதான் எல்லோரும் நினைத்தார்கள். அவள் ஒதுங்கி வழிவிட்டாள். விட்டதோடு இல்லாமல், கிரிசலின் காலரைச் சரிசெய்து அனுப்பினாள். கத்தி கிரிசலின் அங்கிப் பையில் இருந்ததை அப்போது யாரும் கவனிக்கவில்லை.

பழைய கோயிலுக்குப் பின்னால், இரும்புக் கம்பி வேலிக்குள் அந்தக் குடும்பத்துக்குத் தனி இடம். வேலிக்கு உள்ளே கனவான்கள், வேலிக்கு வெளியே குத்தகைக்காரர்கள், தொப்பியைக் கையில் வைத்துக்கொண்டு. குழியின் குறுக்கே போட்ட பலகைகளில் பெட்டி இருந்தது. எட்டுக் கறுப்புப் பட்டுக் கயிறுகள், நுனியில் குஞ்சம். போதகர் ராட்ரே சுருக்கமாக ஜெபித்தார், மழை வரும் போலிருந்தது. வில்லி டோ முன்னால் வந்தார்.

"ஒண்ணு," என்றார். புதுப் பிரபு ஹியூ தலைமாட்டுக்கு வந்து கயிற்றை வாங்கிக்கொண்டார்.

"ரெண்டு," என்றார் வில்லி. பேர் சொல்லவில்லை.

வக்கீல் க்ராபி கையுறையைக் கழற்றிக்கொண்டே ஓர் அடி எடுத்து வைத்தார். அதற்குள் வெளியே நின்ற கூட்டம் விலகியது. கம்பிக் கதவு கிரீச்சிட்டது. கிரிசல் நேராக நடந்து வந்து கால்மாட்டில் நின்று கையை நீட்டினாள். போதகர் அம்மா, அம்மா என்று முணுமுணுத்தார். பிரிங்கிளின் முகத்தில் ஈயாடவில்லை. வில்லி க்ராபியைப் பார்த்தார், அவளைப் பார்த்தார், குஞ்சத்தை அவள் உள்ளங்கையில் வைத்து விரல்களை மூடிவிட்டார். உடனே, யாரும் வாயைத் திறப்பதற்குள், மூன்று என்று கத்தினார்.

எட்டுப் பேரும் கனத்தை வாங்கினார்கள். ஏழாவது கயிற்றில் பிரிங்கிள் இருந்தார். வில்லி பலகைகளை உருவினார். பெட்டி இறங்கத் தொடங்கியது. நிலமட்டத்துக்குக் கீழே ஒரு முழம் போனதும் கிரிசல் கயிற்றை மணிக்கட்டில் ஒரு சுற்றுச் சுற்றி நிறுத்திக்கொண்டாள். தலைமாடு இறங்கியது, கால்மாடு நின்றது. ஜெனரல் தலைகுப்புறச் சரிய ஆரம்பித்தார். எல்லோரும் பிடிங்க, விடாதீங்க என்று வில்லி சத்தம் போட்டார். எட்டுக் கயிறும் விறைத்து நின்றன.

தலைமாட்டில் ஹியூ, கால்மாட்டில் கிரிசல். இருவருக்கும் நடுவே பெட்டியைத் தவிர ஒன்றுமில்லை.

"கிரிசல், இறக்கு," என்றார் ஹியூ தாழ்ந்த குரலில். "எதுவா இருந்தாலும் அப்புறம் பேசிக்கலாம்."

"அப்புறம் அப்புறம்னுதான் துரை எங்க வீட்டுல எல்லாரும் செத்தாங்க. இப்பவே பேசலாம். எனக்குக் கை வலிக்கல."

அவருக்கு வலித்தது. பேனா பிடித்த கை. கழுத்து நரம்பு புடைத்திருந்தது.

"எங்கப்பா உங்க தாத்தாவ இறக்குனாரு. எங்க தாத்தா அவரோட அப்பாவ இறக்குனாரு. எங்க டன்கன யாரு இறக்குனா? ஜேமிய யாரு இறக்குனா? ஒரு கயிறு, ஒரு துண்டுக் கயிறு புடிக்க ஆள் இருந்துச்சா அவனுக்கு? இதோ இந்தப் பெட்டிக்குள்ள இருக்கிறவருதான் ரெண்டு பேரையும் கூட்டிட்டுப் போனாரு."

 வேலிக்கு வெளியே நின்ற ஆண்கள் தரையைப் பார்த்துக்கொண்டிருந்தார்கள். பிறகு ஒவ்வொருவராகத் தலையை நிமிர்த்தி ஹியூவைப் பார்க்கத் தொடங்கினார்கள்.

"வீட்டுல ஆம்பள இல்லன்னு சொல்லி வீட்ட எடுக்கறீங்க. இருந்த ஆம்பளைங்கள எடுத்தது யாரு துரை?"

பெட்டி ஆடியது. ஏழாவது கயிறு வழுக்கிப் பிரிங்கிள் முழங்காலில் விழுந்தார், ஆனால் கயிற்றை விடவில்லை; விட்டால் தன் வேலையும் குழிக்குள் போய்விடும் என்று அவருக்குத் தெரியும்.

"வீடு உன்னோடதுதான்," என்றார் ஹியூ பல்லைக் கடித்துக்கொண்டு.

"பின்னாடி நிக்கிறவங்களுக்குக் கேக்கல. பார்லிமெண்டுல பேசற மாதிரி சொல்லுங்க."

"கிரெய்கெண்ட் கிரிசல் மக்காராவோட வீடு. அவ இருக்கிற வரைக்கும்."

"கயிறு புடிச்சாலும் புடிக்காட்டியும்."

அவர் அவளை வெறித்துப் பார்த்தார். கயிறு ஒரு விரற்கடை நழுவியது, அப்பாவின் தலை இன்னும் கொஞ்சம் சரிந்தது. "புடிச்சாலும் புடிக்காட்டியும்," என்றார்.

அதன் பிறகு அவள் மணிக்கட்டுச் சுற்றைப் பிரித்து, தலைமாட்டுக்குச் சமமாக, ஒரு குலுக்கல் இல்லாமல் இறக்கினாள். மக்காரா குடும்பம் இறக்கினால் அப்படித்தான் இறங்கும். பெட்டி மண்ணைத் தொட்டதும் ஏழு பேரும் வழக்கப்படி தங்கள் கயிற்றை உள்ளே போட்டார்கள். கிரிசல் போடவில்லை. பையிலிருந்து பன்றித்தொடை அரிந்த கத்தியை எடுத்தாள். குனிந்து எட்டிய இடத்தில் பட்டுக் கயிற்றை அறுத்தாள். மீதியைக் கையில் சுருட்டிக்கொண்டு, வந்த வழியே நடந்து போனாள். வேலிக்கு வெளியே நின்றவர்கள் அவளுக்கு வழிவிட்டார்கள். சிலர் தலை குனிந்தார்கள். ஜெனரலுக்கு அவ்வளவு குனியவில்லை.

இதோடு கதை முடிந்திருந்தால் எனக்குக் கோபம் கொஞ்சம் ஆறியிருக்கும். முடியவில்லை. அரசியல்வாதிகளிடம் எதையும் சும்மா விட்டுவிட்டு வர முடியாது; அவர்கள் அதையும் எடுத்துக்கொள்வார்கள். அடுத்த வாரமே பத்திரிகையில் வந்தது: ஸ்காட்லாந்தின் பழைய பாசம் இன்னும் சாகவில்லை, வழக்கத்தை மீறி ஓர் ஏழைக் குடியானவப் பெண் கண்ணீர் வழியத் தன் பிரபுவின் கால்மாட்டில் நின்று கயிறு பிடித்தாள், நினைவுக்கு ஒரு துண்டை அறுத்துக்கொண்டு போனாள் என்று. ஹியூ அதைப் பிரபுக்கள் சபையில் பேசினார். கூட்டம் கூட்டமாகப் பேசினார். பிரபுக்களுக்கும் குடியானவர்களுக்கும் இடையே பகை இருப்பதாகச் சொல்கிறார்களே, என் அப்பாவின் குழியருகே வந்து பாருங்கள் என்பார். ஜனங்கள் கைதட்டுவார்கள், சில பெண்கள் கண்ணைத் துடைப்பார்களாம்.

வில்லி டோ பத்திரிகையைக் கொண்டுவந்து அவளுக்குப் படித்துக் காட்டியபோது கிரிசல் வெண்ணெய் கடைந்துகொண்டிருந்தாள். கேட்டுவிட்டுக் கடைவதை நிறுத்தினாள். வீட்டைக் காப்பாற்றியாகிவிட்டது, ஆனால் டன்கனையும் ஜேமியையும் பற்றிச் சொன்ன வார்த்தையை அவர்கள் வழித்தெடுத்துவிட்டார்கள். குழியருகே அவள் கண்ணீரே விடவில்லை. அதையும் அவர்களாக ஊற்றிக்கொண்டார்கள். எழுந்து போய்த் துணிப்பெட்டியிலிருந்த பட்டுக் கயிற்றை எடுத்தாள். க்ரம்மி என்று ஒரு கறவை வைத்திருந்தாள், கொம்பில்லாத சிவப்புப் பசு. அதன் கழுத்தில் கயிற்றைக் கட்டி, கோட்டைக்குப் போகும் சாலையோரம் முளையடித்துக் கட்டினாள். குஞ்சம் க்ரம்மியின் தாடைக்குக் கீழே தொங்கியது.

"பட்டு தாங்காதும்மா, அத்துக்கிட்டு ஓடிரும்," என்றார் வில்லி.

"ஒரு ஜெனரலத் தாங்குச்சுல்ல. மாட்டத் தாங்காதா?"

தாங்கியது. ஹியூவின் மோட்டார் அந்த வழியாகத்தான் போக வேண்டும், வர வேண்டும். முதல் தடவை அவர் பார்த்தார். அதற்குப் பிறகு அந்த இடம் வந்தால் ஆற்றுப் பக்கம் திரும்பி மீனைப் பார்ப்பார். க்ரம்மிக்குப் பிறகு அதன் கன்று, அதன் பிறகு அதன் கன்று. கயிறு மட்டும் மாறவில்லை. சிறுபிள்ளைகள் அந்தப் பசுவுக்கு ஜெனரல் என்றே பேர் வைத்துவிட்டார்கள். பெற்றவர்கள் கண்டிக்கவில்லை.

கிரிசலுக்கு அறுபது தாண்டியபோது ஹியூ செத்தார். பிரிங்கிள் அதற்கு முன்பே போய்ச் சேர்ந்திருந்தார். புதுக் காரியஸ்தர் படித்த இளைஞர், மரியாதை தெரிந்தவர். கறுப்பு ஓரம் போட்ட அட்டையோடு கிரெய்கெண்டுக்கு வந்தார். காலமான பிரபு சாவதற்கு முன் தன் வாயாலேயே சொல்லியிருக்கிறார், கால்மாட்டுக் கயிறு மிஸ் மக்காராவுக்குத்தான் என்று. பத்திரிகைக்காரர்களும் வருகிறார்கள், குடும்பம் அதை மிகவும் மதிக்கிறது என்றார். வீட்டைப் பற்றிக் கவலை வேண்டாம், யாரும் அதைப் பற்றிப் பேசவில்லை என்றும் சேர்த்துக்கொண்டார்.

கிரிசல் அவரை உட்காரச் சொன்னாள். ரொட்டி கொடுத்தாள். தொழுவத்துக்குப் போய்த் திரும்பி வந்து, மேஜையில் அவர் தட்டுக்குப் பக்கத்தில் அதை வைத்தாள். கறுப்பு என்று இனி சொல்ல முடியாது. சாணியும் மழையும் வருஷங்களும் சேர்ந்து அதற்கு ஒரு நிறம் வந்திருந்தது. குஞ்சத்தில் நான்கு இழைதான் மீதி.

"இந்தாங்க தம்பி. கால்மாட்டுக்கு இதையே கட்டுங்க, நல்ல உறுதி. நான் வரல. இத இத்தன வருஷமா புடிச்சுட்டு நின்னது மாடுதான். வேணும்னா அதக் கூட்டிட்டுப் போங்க."

இளைஞர் கயிற்றைப் பார்த்தார், அவளைப் பார்த்தார். ரொட்டியைப் பாதியில் வைத்துவிட்டு எழுந்தார். கயிற்றை எடுக்கவில்லை.

அடக்கத்தன்று நல்ல வெயில். பத்திரிகைக்காரர்கள் கேமராவோடு கோட்டை வாசலில் காத்திருந்தார்கள். குழல்வாத்தியம் தொடங்கி, பெட்டி ஆற்றோரச் சாலையில் திரும்பியபோது, மேலே கிரெய்கெண்டில் வீட்டில் இருந்த அத்தனை போர்வையும் துவைத்துக் காயப்போட்டிருந்தது. நடுவில் ஜேமியின் சட்டையும் இருந்தது.